இறந்த குழந்தையுடன் ஒரு பெண்

சித்திரத்தைப் பார்த்தல் வேறு. சித்திரத்தைப் பற்றிய கதையைக் கேட்டல் வேறு. நம்மவருட் பெரும்பாலோர் பின்னதையே முன்னதாகக் கொண்டு பழகிவிட்டனர். தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துக் கடைகளிலும் நெடுங்காலம் தொங்கிவந்த படங்கள் பெரும்பாலும் கதை தெரிந்த படங்கள். மயிலைக் கண்டால் முருகன், வீணையைக் கண்டால் சரசுவதி என்று ஆள் அடையாளம் தெரிந்த மாத்திரத்தில் கண்ணின் வேலை முடிந்துவிடும். கை கூப்பும் வேலை தொடங்கிவிடும். அம்முகத்தில் இருப்பது அருளா, அலுப்பா, ஓவியனின் அவசரமா என்று ஊன்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? இவ்வழக்கம் மேனாட்டுச் சித்திரங்களைக் காணுமிடத்தும் நம்மை விட்டபாடில்லை. வரைந்தவர் யார், அவர் வாழ்க்கையில் நேர்ந்த துன்பம் யாது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அத்துன்பத்தையே படத்திற் கண்டதாகக் கூறித் திருப்தியடைகிறோம். இதில் பாமரரைக் காட்டிலும் படித்தவர்களே முன்னிற்கின்றனர் என்பது நம் எண்ணம்.

ஜெர்மனி தேசத்துக் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1903-ஆம் ஆண்டில் செய்த ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்னும் சித்திரத்திற்கும் இக்கதியே நேர்ந்திருக்கிறது. இப்படத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், உடனே ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘இந்தப் பிள்ளைக்கு மாதிரியாக இருந்தவன் அம்மையாரின் சொந்த மகன் பேட்டர், அவன் பின்னாளில் யுத்தத்தில் மாண்டான், பெற்றவள் அதை முன்கூட்டியே உணர்ந்து வரைந்துவிட்டாள்’ என்பார். கேட்பவர்க்கு மயிர் சிலிர்க்கும். ‘விதி முன்னரே காட்டிவிட்டது’ என்று பெருமூச்சு விடுவர். அதன்பின் படத்தைப் பார்ப்பார் இல்லை. இக்கூற்று அப்படத்திற்கும் அநீதி, அப்பிள்ளைக்கும் அநீதி என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

முதலிற் படத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 42 செண்டிமீட்டர் உயரமும் 48 செண்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டில் இருவர் மட்டுமே இருக்கின்றனர். வீடு இல்லை, கட்டில் இல்லை, விளக்கு இல்லை, எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லக்கூடிய பொருள் ஒன்றேனும் இல்லை. ஒரு பெண் ஆடையின்றித் தரையில் கால்களை மடித்து அமர்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பிள்ளையின் உடல். அவள் அதனைக் கைகளால் வளைத்துத் தன்னோடு இறுக்கிக்கொண்டு, தன் முகத்தை அதன் மார்பில் புதைத்திருக்கிறாள். பிள்ளையின் தலை பின்னோக்கிச் சரிந்து கிடக்கிறது. அவன் உடல் வெளிறி ஒளி பெற்றிருக்க, அவள் உடல் கருத்துக் கனத்து நிற்கிறது. முழங்காலும் தொடையும் தோளும் பாறைகளைப்போல் முன்னே துருத்துகின்றன. அழகிய பெண்ணுடலைக் காண விரும்பி வருவோர்க்கு இங்கே ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் தலைப்பையும் சற்றுக் கவனிக்கவேண்டும். அம்மையார் ‘தாய்’ என்று பெயரிட்டாரில்லை. ‘பெண்’ என்றே இட்டார். தாய் என்ற சொல்லுக்குள் கோயிலும் பாட்டும் தியாகமும் வந்து நுழைந்துகொள்ளும். பெண் என்ற சொல்லில் உடல் ஒன்றே மிஞ்சும். ஆடையை நீக்கியதும் இக்கருத்தினாலேதான் என்று நாம் கொள்கிறோம். ‘ஏழைத் தாய்’ என்று இப்படத்திற்கு விளக்கம் கூறுவோர் உளர். ஏழ்மையைக் காட்டக் கந்தல் வேண்டும். இங்கே கந்தலும் இல்லை, பட்டும் இல்லை. இன்ன வகுப்பினள் என்று சொல்லவல்ல யாவற்றையும் களைந்த பின்னர் எஞ்சிய ஒருத்தியையே அவர் நம் முன் அமர்த்தியிருக்கிறார்.

இது தூரிகையால் தீட்டிய படமன்று. எட்சிங் என்னும் அமில அரிப்புச் சித்திரம். இதன் முறையை அறியாதார்க்குச் சுருங்கச் சொல்வோம். செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சொன்றைப் பூசி, கூரிய ஊசியால் அதன்மேல் வரைவர். ஊசி சென்ற வழியில் மட்டும் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால் அவ்வழியை அமிலம் தின்று பள்ளமாக்கும். அமிலத்தில் கிடக்கும் நேரம் கூடக்கூடக் கோடு ஆழமாகும். ஆழம் கூடக்கூட அச்சில் கருமை மிகும். பின்னர்ப் பூச்சைக் கழுவி, மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுக்க, பள்ளத்தில் தங்கிய மை காகிதத்தில் ஏறிவிடும். தகடு ஒன்று, படங்கள் பல. செல்வர் ஒருவர் மாளிகையில் மட்டும் தொங்காமல் பலர் கைக்கும் சென்று சேரக்கூடிய கலை இது. அம்மையார் வண்ணங்களை விட்டு இத்துறைக்கு வந்ததற்கு மாக்ஸ் கிளிங்கர் என்னும் ஓவியர் 1891-இல் வெளியிட்ட நூல் ஒரு காரணம். சித்திரம் பொதுமக்களைச் சேரவேண்டும் என்ற எண்ணம் பிறிதொரு காரணம்.

இத்தகட்டில் அவர் ஊசியோடு நின்றாரில்லை. உப்புத்தாளை வைத்து அழுத்தினார்; மிருதுவான பூச்சின்மேல் வரிவரியான காகிதத்தைப் பதித்து அதன் இழைகளையும் செம்பில் ஏற்றினார்; அமிலமின்றி ஊசியாலேயே செம்பைக் கீறியும் பார்த்தார். ஆகவே அப்பெண்ணின் தோல் வழவழப்பாக இல்லை. சொரசொரப்பாக, மண்ணில் புரண்டெழுந்ததுபோல் இருக்கிறது. பிள்ளையின் உடலிலோ கோடுகள் குறைந்து காகிதத்தின் வெண்மை மிகுந்து நிற்கிறது. உயிருள்ளவள் இருளாகவும் உயிரற்றவன் ஒளியாகவும் இருப்பது முதலில் நமக்கு முரணாகத் தோன்றும். சற்று நேரம் நோக்கினால், அவன் அவள் கையிலிருந்து கரைந்து காகிதமாகிக்கொண்டிருக்கிறான் என்பதும், அவள் தன் கருமையால் அவனை மறித்துப் பிடித்திருக்கிறாள் என்பதும் புலனாகும்.

இதன் மெய்ப்பாடு யாது? துக்கம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் துக்கத்தின் அடையாளங்களை இப்படத்தில் தேடினால் கிடைக்கமாட்டா. கண்ணீர் இல்லை, விரிந்த கூந்தல் இல்லை, வானோக்கிய முகமும் இல்லை. நம் இழவு வீடுகளில் ஒப்பாரி பலர் கேட்கச் சொல்லப்படுவது. அழுகை என்பது தன்னளவில் நில்லாமல் பிறரை நோக்கிச் செல்வது. இவளோ எவரையும் நோக்கவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதையும் அறியாள். முகத்தைப் பிள்ளையின் மார்பில் அவள் புதைத்திருக்கும் விதம் முத்தமிடுவது போலும் இருக்கிறது; கடிப்பது போலும் இருக்கிறது; மோந்து பார்ப்பது போலும் இருக்கிறது. அம்மையாரின் நெடுநாளைய தோழி பெயாட்டே போனஸ்-யெப் என்பவர், போன உயிரை இவள் திரும்பத் தன்னுள் விழுங்கிக்கொள்ள முயல்கிறாள் என்ற கருத்துப்பட இதனை விவரித்திருக்கிறார். நாம் கண்ட விளக்கங்களுள் படத்தை உள்ளபடி பார்த்துச் சொல்லப்பட்டது இது ஒன்றே. பெண்புலியோ கரடியோ தன் குட்டியின் பிணத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் நிலை இது.

மெய்ப்பாடு என்ற நம் சொல்லே உள்ளத்து உணர்ச்சி உடலிற் படுதலைக் குறிப்பது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நந்நான்கு எனக் காட்டும். அழுகைக்குக் கூறிய நான்கனுள் இழத்தல் ஒன்று. அதனை இப்படத்திற்குப் பொருத்தலாம். ஆயினும் நமக்கு வெகுளிக்குக் கூறியவையே மேலும் பொருந்துவனவாய்த் தோன்றுகின்றன. வெகுளி பிறக்கும் இடங்களுள் ஒன்று உறுப்பை அறுத்தல். கையையோ காலையோ ஒருவன் வெட்டினால் முதலில் எழுவது கண்ணீரன்று. இப்பெண்ணுக்குப் பிள்ளை வேறோர் ஆளல்லன், தன் உறுப்பு. வெட்டுண்ட உறுப்பை வெட்டுண்ட இடத்திலேயே வைத்து அழுத்துகிறாள், ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. ஆகவே இப்படத்தில் இருப்பது துக்கத்தை ஏற்றுக்கொள்ளாத ஓர் உடலின் வெகுளி என்பது நம் துணிபு. ஏற்றுக்கொண்ட பின்னரன்றோ அழுகை வரும்?

இப்பொழுது அந்த விதிக் கதையை எடுத்துக்கொள்வோம். பேட்டர் மாதிரியாக இருந்தது உண்மை. 1896-இல் பிறந்த அவனுக்கு அப்போது வயது 7. அம்மையார் கண்ணாடியின் முன் அமர்ந்து அவனைக் கையில் ஏந்திக்கொண்டு தம் உருவத்தையும் அவன் உருவத்தையும் சேர்த்து வரைந்தார். ஏழு வயதுப் பிள்ளை இலேசான சுமையன்று. பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் மிக அழகாக வரும் என்று சொல்லி அச்சிறுவனே தாயைத் தேற்றினான் என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். அப்படியாயின், படத்தில் பிணமாய்க் கிடப்பவன் உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு, அம்மாவுக்கு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தவன். இப்படத்தைக் கண்ட அத்தோழியே முதலில் திடுக்கிட்டு, குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சினாராம். ஒன்றும் நேரவில்லை.

நேர்ந்தது 11 ஆண்டுகளுக்குப் பின்னர். 1914-இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டபோது பேட்டர் தொண்டனாய்ப் படையில் சேர விரும்பினான். வயது நிரம்பாதவனாதலால் தந்தையின் அனுமதி வேண்டியிருந்தது, தந்தை மறுத்தார். மகன் தாயை நாடினான். தாய் அவனுக்காகப் பரிந்து பேசிக் கணவரை இசைய வைத்தார். அக்டோபர் மாதத்தில் பெல்ஜிய நாட்டுப் போர்முனையில் அவன் மாண்டான், வயது 18. இதில் விதி செய்தது யாது? யுத்தத்தை மூட்டியவர் அரசர்களும் மந்திரிகளும். இளைஞரை வெறியூட்டியவர் ஆசிரியரும் பத்திரிகைகளும். அனுமதி கொடுத்தவர்கள் பெற்றோர். அம்மையார் தம் பங்கை மறைத்தாரில்லை, எஞ்சிய வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்தார், யுத்த எதிர்ப்பாளராயினார். அவரே தம் தோளில் ஏற்றுக்கொண்ட பொறுப்பை நாம் இறக்கி விதியின் தலையில் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பால்மரக் காட்டிற் காய்ச்சலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கும் ‘அவ்வளவுதான் விதித்தது’ என்ற சொல்லே ஆறுதலாக வழங்கப்பட்டது. மருந்தைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் கேட்கவேண்டிய கேள்வி அச்சொல்லோடு அடங்கிப்போயிற்று.

தீர்க்கதரிசனக் கதை பொய் என்பதற்குச் சித்திரத்திலேயே ஒரு சான்றுண்டு. நமக்கு அது எல்லாவற்றிலும் வலிய சான்று. மகன் மெய்யாகவே இறந்தபின் அம்மையார் இத்தகைய படம் ஒன்றைச் செய்தாரா என்று பாருங்கள். மகனுக்கு ஒரு நினைவுருவம் செய்ய முனைந்து, செய்ததை அழித்து, மீண்டும் தொடங்கி, முடிவில் 1932-இல் பெல்ஜியத்தில் அவன் புதைக்கப்பட்ட இடுகாட்டில் இரண்டு கற்சிலைகளை நிறுவினார். தந்தையும் தாயும் தனித்தனியே மண்டியிட்டிருக்கின்றனர். பிள்ளை இல்லை. தந்தை தன் கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறான். தாய் போர்வைக்குள் குனிந்து ஒடுங்கியிருக்கிறாள். பற்றுவதற்கு ஒன்றும் இல்லாத கைகள் அவை. 18 ஆண்டு துக்கம் கொடுத்த உரு அதுவாயின், 1903-ஆம் ஆண்டுப் படம் துக்கத்தினின்று பிறந்ததாயிருக்க முடியாது. அது, பிள்ளை கையில் இருக்கும்போதே, அதன் கனம் தோளை நோகச் செய்யும்போதே, இழந்துவிடுவோமோ என்று உடலில் எழும் அச்சத்திற் பிறந்தது. பிள்ளை பெற்ற எவரும் அவ்வச்சத்தை அறிவர். அதற்குத் திரிகால ஞானம் வேண்டுவதில்லை.

அவ்வச்சத்திற்குக் காரணங்கள் அம்மையாரின் கண்முன்னேயே இருந்தன. அவர் கணவர் கார்ல் கோல்விட்ஸ் 1891 முதல் பெர்லின் நகரின் வட பகுதியில் தொழிலாளர்க்கு வைத்தியம் பார்த்தவர். நோயுற்ற பிள்ளைகளோடு அங்கு வந்த பெண்களை அம்மையார் அன்றாடம் கண்டார். இளமையிலும் ஒரு நிகழ்ச்சியுண்டு. அவர் சிறுமியாயிருந்தபோது தம்பி பெஞ்சமின் ஒரு வயதளவில் நோயால் இறந்தான். தாயார் மற்றப் பிள்ளைகளின் முன் அழவில்லை. துயரை உள்ளடக்கிக்கொண்டு வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். சிறுமியோ, தான் விளையாட்டாக வீனஸ் தேவதைக்குக் கோயில் கட்டிப் பலி கொடுத்ததற்காகக் கடவுள் தம்பியைக் கொண்டு பழிவாங்கிவிட்டார் என்று நம்பி நடுங்கினாள். இத்தனைக்கும் அவர் பாட்டனார் யூலியஸ் ரூப், அரசாங்கத் திருச்சபையை எதிர்த்து வெளியேற்றப்பட்டு, கோனிக்ஸ்பெர்க் நகரில் சுயேச்சைச் சபை நிறுவிய சீர்திருத்தக்காரர்! அத்தகைய குடும்பத்துப் பிள்ளையையும் அவ்வெண்ணம் பிடித்ததென்றால் அதன் வலிமையை என்னென்பது? அச்சிறுமி வளர்ந்து, 36 வயதில் இத்தகட்டைச் செய்தபோது, அதில் பழிவாங்கும் கடவுளும் இல்லை, தேற்றும் கடவுளும் இல்லை. அன்று தாயார் அடக்கிக்கொண்டது மட்டும் இருக்கிறது.

நம் சீர்திருத்தத் தோழர் சிலர்க்கு வேறொரு குறை இப்படத்தில் தோன்றக்கூடும். ‘முதலாளி எங்கே? பிள்ளையைக் கொன்ற பட்டினி எங்கே? இதனால் யாருக்கு என்ன விழிப்பு?’ என்பர். இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. அம்மையாரே அத்தகைய படங்களால்தான் புகழ் பெற்றார். நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய ஆறு படங்களை 1897-இல் முடித்தார். மறு ஆண்டு பெர்லின் கண்காட்சியில் அவற்றிற்குப் பதக்கம் அளிக்க நடுவர்கள் பரிந்துரைத்தபோது, கைசர் மன்னர் மறுத்துவிட்டார். பின்னர் வந்த குடியானவர் போர் வரிசையும் அத்தகையதே. சீன எழுத்தாளர் லூ சுன் 1936-இல் ஷாங்காயில் அம்மையாரின் படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது இவ்விரு வரிசைகளுக்கும் அதில் இடம் தந்தார். அவர் ஊக்கிய மரச்செதுக்கு இயக்கம் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து, இங்குள்ள சீனப் பத்திரிகைகளின் பக்கங்களில் தொழிலாளியையும் தெருவோரத்து ஏழையையும் இடம்பெறச் செய்தது. 1966-இல் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் ஆறு ஓவியர்கள் கூடி மரச்செதுக்குக் கண்காட்சியே நடத்தினர். ஆகவே நெசவாளர் படங்களின் பயனை நாம் குறைத்துச் சொல்லோம்.

எனினும் அவ்வரிசையில் முதலாளியின் வாயிற்கதவைத் தாக்கும் படத்தை நோக்குமிடத்து, நாம் கூட்டத்தோடு நிற்கிறோம். நியாயம் எப்பக்கம் என்று தெரிந்துகொண்டு நிற்கிறோம். அந்நிலையில் மனம் எளிதில் ஆறிவிடுகிறது. இப்பெண்ணின் முன் அந்த வசதி கிடைப்பதில்லை. யாரைக் கோபிப்பது என்று படம் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; கோபத்தை மட்டும் தந்துவிட்டு நிறுத்திவிடுகிறது. அவ்விரண்டனுள் இதனையே நாம் உயர்ந்ததாகக் கருதுகிறோம். 1907-இல் செய்த ‘போர்க்களம்’ என்னும் தகட்டில் ஒரு கிழவி இரவில் விளக்கோடு பிணங்களினூடே மகனைத் தேடி ஒருவன் முகவாயைத் தொடுகிறாள். படம் முழுதும் இருண்டிருக்க அக்கைமட்டும் ஒளி பெறுகிறது. அதுவும் சிறந்ததே. ஆயினும் அங்கே இருளும் விளக்கும் சேர்ந்து நம்மை உருக்கப் பார்க்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

இறுதியாக ஒரு செய்தி. ‘இறந்த குழந்தையுடன் பெண்’ சித்திரத்தின் சோதனைப் பிரதிகள் சிலவற்றில் அம்மையார் உருவங்களுக்குப் பின்னே பொன்னிறம் இட்டுப் பார்த்திருக்கிறார். கிறிஸ்தவ தேவாலயங்களின் பழம் படங்களில் மாதாவுக்குப் பின்னே இருக்கும் அதே பொன். அப்பிரதிகளை மிக உயர்ந்தனவாகப் போற்றுவோர் உளர். நமக்கு அவற்றில் உடன்பாடில்லை. பொன் வந்ததும் அப்பெண் மாதாவாகிவிடுகிறாள். அவள் பற்றிய பிடி பூசைக்குரிய பிடியாகிவிடுகிறது. கருமையும் காகிதமும் மட்டுமே உள்ள பிரதியையே நாம் தேர்ந்துகொள்வோம். ஜெர்மனியில் கொலோன் நகரிலும் பெர்லின் நகரிலும் அம்மையாரின் பெயரால் காட்சிசாலைகள் உள்ளன. அச்சுப் புத்தகங்களிலும் இப்படம் கிடைக்கும். பார்க்க வாய்க்கும் தோழர்கள் பிள்ளையின் முகத்தை முதலிற் பாராமல், அவளுடைய முழங்காலையும் தோளையும் பிள்ளையை வளைத்த கையையும் முதலிற் பார்ப்பாராக. பேட்டரின் கதையை அதன் பிறகு படித்துக்கொள்ளலாம்.